ஜூன் விடுமுறைச் சுற்றுலா: யார் யார் போகிறோம்?

(பொன்விழா ஆண்டுத் திட்டக் கூட்டத்தில் சுற்றுலாக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





வல்ல அல்லாஹ்வின் பெருங்கிருபையால் நம் சங்கம் ஐம்பதாம் ஆண்டில் அடியெடுத்து வைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். பொன்விழா நிகழ்ச்சிகளில் ஒன்றான ஜூன் விடுமுறைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசும் பொறுப்பு எங்கள் குழுவுக்குத் தரப்பட்டிருக்கிறது. எங்கே போகிறோம், ஆளுக்கு எத்தனை வெள்ளி, சாப்பாடு பிரியாணியா நெய்ச்சோறா என்ற மூன்று கேள்விகளோடு நீங்கள் வந்திருப்பீர்கள். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறோம். ஆனால் ஆண்டுதோறும் நாம் கேட்க மறந்துவிடும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. யார் யார் போகிறோம்? இன்று அதைப் பேசத்தான் உங்கள் நேரத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறோம்.

சங்கத்தின் பழைய குறிப்பேடுகளில் இந்த நிகழ்ச்சிக்குக் "கோடைச் சுற்றுலா" என்றுதான் பெயர். சிங்கப்பூரில் ஏது கோடை? ஆண்டு முழுவதும் ஒரே வெயில், நடுநடுவே மழை. ஆனாலும் ஊரில் சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் விட்டதும் நன்னி வீட்டுக்கு ஓடி, நுங்கும் மாம்பழமும் தின்று திரிந்த நினைவு நம் பெரியவர்களுக்குப் போகவில்லை. இங்கே பள்ளிகளுக்கு ஜூனில் நான்கு வாரம் விடுமுறை கிடைத்தது. அதற்கே கோடை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தத் தொடக்க காலச் சுற்றுலாக்களின் புகைப்படங்களைப் பொன்விழா மலருக்காக எடுத்துப் பார்த்தோம். படங்களில் முழுவதும் ஆண்கள். ஒரு பெண்ணும் இல்லை, ஒரு குழந்தையும் இல்லை. சுண்ணாம்புக் கம்பம் என்று அவர்கள் அழைத்த சிராங்கூன் சாலை வட்டாரத்தில், கடைவீடுகளின் மாடி அறைகளில் கூட்டாகத் தங்கியிருந்தவர்கள் அவர்கள். ஜவுளிக்கடை, மளிகைக்கடை, நாணய மாற்றுக்கடை, உணவுக்கடை என்று விடிந்தது முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை. மனைவி மக்கள் ஊரில். எம்.வி. சிதம்பரம் கப்பலில் பினாங்கு வழியாக நாகப்பட்டினம் போய் இறங்க, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்க்கும்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குப் பேருந்து பிடித்து ஜூரோங் பறவைப் பூங்காவுக்குப் போனார்கள். 1971ல் திறந்த பூங்கா. 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செயற்கை அருவி அப்போது பெரிய அதிசயம். அதன் முன்னால் சட்டையை இஸ்திரி போட்டு, தலையை வாரி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு மண்டாய் விலங்குத் தோட்டம். அது திறந்தது 1973ல். பின்னர் ஃபேபர் மலையிலிருந்து செந்தோசாவுக்குக் கேபிள் கார். அது ஓடத் தொடங்கியது 1974ல். எல்லாப் படங்களும் கடிதத்தோடு ஊருக்குப் போயின. "நான் நலமாக இருக்கிறேன்" என்று நான்கு பக்கம் எழுதுவதைவிட, அருவிக்கு முன்னால் சிரித்தபடி நிற்கும் ஒரு படம் வீட்டாருக்கு நிம்மதி தந்தது. நம்மில் சிலர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வாப்பாவின் முகத்தையே தெரிந்துகொண்டோம்.

பிறகு குடும்பங்கள் வந்தன. வீடமைப்புக் கழக வீடுகள் வந்தன. பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள், படித்தார்கள், தேசிய சேவைக்குப் போனார்கள். சுற்றுலாவின் பெயரும் "குடும்பச் சுற்றுலா" ஆயிற்று. ஒரு பேருந்து மூன்று பேருந்து ஆனது. இந்த வளர்ச்சிக்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. அதே வேளையில் நாம் செய்த தவறுகளும் கொஞ்சமல்ல. திட்டமிடுபவர்களுக்கு உதவும் என்பதால் அவற்றை ஒளிக்காமல் சொல்கிறோம்.

முதல் தவறு, சமையல். பல ஆண்டுகள் நம் தாய்மார்கள் பின்னிரவிலேயே எழுந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி, சட்டிகளோடு பேருந்தில் ஏறினார்கள். கடற்கரையில் பரிமாறி, கழுவி, அடுக்கி, மறுபடி ஏறினார்கள். ஓராண்டு மட்டும் ஹலால் உணவு விநியோகிப்பாளரிடம் சாப்பாடு சொன்னோம். திரும்பி வரும்போது ஒரு மூத்த மாமி சொன்னார்: "இத்தனை வருசமா வர்றேன். இன்னைக்குத்தான் கடலைப் பார்த்தேன்." பேருந்தில் இருந்த ஆண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றோடு வீட்டுச் சமையலை நிறுத்தினோம்.

இரண்டாவது, புலாவ் உபின். சாங்கி முனையிலிருந்து படகில் போக வேண்டும். ஒரு படகுக்கு 12 பேர். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் சக்கர நாற்காலியில் வந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவரால் படியிறங்கிப் படகில் ஏற முடியவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று சிரித்தபடி சொன்னார். அவரும் அவர் மகளும் படகுத்துறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாலையில் நம்மோடு வீடு திரும்பினார்கள். அன்று எழுதிய விதி இன்றும் இருக்கிறது: சக்கர நாற்காலி போகாத இடத்துக்குச் சங்கம் போகாது.

மூன்றாவது, மழை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று. "சுமத்ரா" என்று இங்கே சொல்லும் சூறைக்காற்று மழை, விடியலுக்கு முன்போ காலையிலோ திடீரென்று கொட்டும். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடும். அது தெரியாமல் காலை எட்டு மணிக்கே புல்வெளியில் பாய் விரித்து, பாயும் நனைந்து, பாட்டுப் போட்டிக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியும் நனைந்தது. அதனால் காலையில் கூரை உள்ள இடம், மாலையில் திறந்தவெளி என்று மாற்றினோம்.

நான்காவது, தொழுகை. சுற்றுலா என்றதும் சிலர் பயணத் தொழுகையை நினைத்துக்கொள்கிறார்கள். கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை வரை அளந்தாலும் சிங்கப்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். சுருக்கித் தொழும் சலுகைக்கு நம் மத்ஹபு சொல்லும் தூரம் இந்தத் தீவுக்குள் கிடைக்காது. ஜூனில் லுஹர் 1 மணி தாண்டிச் சில நிமிடங்களில், அஸர் 4.30 வாக்கில், மஃரிப் 7.15 வாக்கில். இந்த மூன்று ஆணிகளை முதலில் அடித்துவிட்டு, அவற்றுக்கு நடுவே நிகழ்ச்சிகளைத் தொங்கவிடுவதுதான் சரியான முறை. ஒளூச் செய்ய இடமும், பெண்கள் தொழ மறைப்பும் உண்டா என்று குழுவினர் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்து வருவார்கள்.

ஐந்தாவது, நாள்காட்டி. நம் ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஜூன் விடுமுறையில் நோன்பு வந்தது. 2024ல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17, 2025ல் ஜூன் 7. இரண்டு நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துத்தான் தேதி குறிக்க வேண்டும். இந்த ஐந்து பாடங்களும் எழுத்தில் இருக்கின்றன. அடுத்த குழு எங்களைவிட நன்றாகச் செய்ய அது உதவும்.

இந்தப் பாடங்களுக்கு எல்லாம் அடிப்படை ஒன்றுதான். வருவதற்கு யாருக்கு மிகவும் சிரமமோ அவரை முதலில் மனத்தில் வைத்துத் திட்டம் போட்டால், மற்ற எல்லாருக்கும் அது தானாகவே வசதியாகிவிடும். சக்கர நாற்காலிக்குப் பார்த்த பாதையில் குழந்தை வண்டியும் போகிறது. தாய்மார்களுக்காக வாங்கிய சாப்பாட்டில் ஆண்களுக்கும் ஓய்வு கிடைக்கிறது. இதை நாம் ஐம்பது ஆண்டில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம். ஆனால் ஒருவரை மட்டும் மறந்துவிட்டோம்.

கடந்த ஆண்டு சுற்றுலாக் கூப்பன் விற்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் தள்ளி மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு மாலை அந்தத் தெரு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தொழுகை முடித்து, பணம் அனுப்பி, சாமான் வாங்கி, நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு தம்பி வந்து விண்ணப்பத் தாளை எடுத்துப் படித்தார். அதில் "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று ஒரு கட்டம். அவர் கேட்டார்: "அண்ணே, ஊர்ல நாலு பேரு. இங்க நான் மட்டுந்தான். எத்தனைன்னு எழுதட்டும்?"

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "தம்பி, இது குடும்பங்களுக்கான நிகழ்ச்சி" என்றோம். கடுமையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னோம். அவரும் "சரிண்ணே" என்று தாளைத் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் மழை தூறியது. மேசையை மடக்கி வேனில் ஏற்ற ஓடி வந்து கைகொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

சுற்றுலா அன்று மூன்றாவது பேருந்தில் பதினொரு இருக்கைகள் காலியாக இருந்தன.

அதன் பிறகுதான் மலர் வேலைக்காகப் பழைய படங்களைப் பார்த்தோம். அருவிக்கு முன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கும் அந்த வாப்பாமார்கள் யார்? ஊரில் நாலு பேர், இங்கே ஒருவர். அவர்களில் எவரும் இன்று நம் விண்ணப்பத் தாளைக் கொண்டு வந்தால், சங்கத்தை நிறுவிய அவர்களையே நாம் திருப்பி அனுப்பியிருப்போம்.

நம் சங்கத்துக்கு ஈகை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020ல் நோய்ப் பரவல் முறியடிப்புத் திட்டத்தின் நடுவில் ஏப்ரல் 24 அன்று நோன்பு பிறந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்தன, ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் அடைபட்டிருந்தார்கள். இந்த நாட்டின் பல அமைப்புகள் செய்தது போல நாமும் நோன்பு துறக்கப் பொட்டலங்கள் அனுப்பினோம். பொட்டலம் அனுப்பத் தெரிந்த நமக்கு, பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடத் தோன்றவில்லை. அதுதான் எங்கள் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டுக்கு எங்கள் குழுவின் திட்டம் இது.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 8.30க்குத் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் கூடுகிறோம். இன்று வானளாவிய கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தெரு, ஒருகாலத்தில் கடலோரம். கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர் கரையேறிய இடம். 1827ல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் "குச்சுப் பள்ளி" என்று பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசலும், 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவும் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலையில் "பெரிய பள்ளி" என்று நம்மவர் அழைத்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அது நிறுவப்பட்டது 1826ல். இந்த மூன்றும் 1974ல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. நடக்க முடியாதவர்களுக்குப் பேருந்து கூடவே வரும். மழை வந்தாலும் ஒதுங்கக் கூரை உண்டு.

பிறகு டன்லப் ஸ்திரீட். 1927ல் கட்டி முடிக்கப்பட்ட அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பில் சூரியன் போன்ற ஓர் அலங்காரம் இருக்கிறது. அதில் 25 கதிர்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபியில் எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை பெயர்களைப் படிக்க முடிகிறது என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிறோம். சிற்றுண்டி, ஒளூ, லுஹர் தொழுகை. தொழுகை முடிந்ததும் அங்கேதான் நம் விருந்தாளிகள் சேர்ந்துகொள்கிறார்கள். ஞாயிறு காலை அரை நாள் வேலை பார்த்துவிட்டு வருபவருக்கும் லுஹர் வரை நேரம் இருக்கிறது. எப்படியும் அவர்கள் வந்து கூடும் இடம் அது என்பதால் தனியாகப் பேருந்துச் செலவு வைக்க வேண்டியதில்லை.

இரண்டு மணிக்குப் பேருந்துகள் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் புறப்படும். நுழைவுச்சீட்டு இல்லாத இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். பறவைப் பூங்காவும் ஜூரோங்கை விட்டு 2023ல் மண்டாய்க்குப் போய்விட்டது. அழகான இடம், மறுப்பதற்கில்லை. ஆனால் சீட்டு வாங்கி உள்ளே போனதும் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பக்கம் பிரிந்து, மாலையில் பேருந்தில்தான் மறுபடி பார்த்துக்கொள்கிறோம். கடற்கரையில் ஒரே நிழலில் ஒன்றாக உட்காரலாம். அஸரைப் பாய் விரித்து ஜமாஅத்தாகத் தொழலாம். 6.30க்குக் கிளம்பி மஃரிபுக்கு டன்லப் ஸ்திரீட் திரும்பிவிட்டால், விடுதிக்குப் போகிறவர்களும் நேரத்தோடு போய்ச் சேரலாம்.

சாப்பாடு நெய்ச்சோறு, சஹனில். நான்கு பேர் ஒரு சஹன். ஆண்கள் பக்கத்தில் ஒவ்வொரு சஹனிலும் மூவர் நம் வீட்டார், நான்காவது இடம் விருந்தாளிக்கு.

இந்தத் திட்டத்தைக் குழுவில் பேசியபோதே மறுப்புகள் வந்தன. அவற்றையும் உங்கள் முன் வைப்பதுதான் முறை.

வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளோடு வரும் தாய்மார்களுக்குச் சங்கடமாக இருக்காதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் கல்யாண வீடுகளில் எப்படி ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று இருக்கிறதோ அப்படியே இங்கும். பேருந்தில் குடும்பங்கள் முன்னால், தனியாக வரும் ஆண்கள், நம் பிள்ளைகளும் சேர்த்துத்தான், பின்னால். ஆனால் நம் சொந்தப் பையன்களிடம் வராத சந்தேகம் அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் வருகிறது என்பதையும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் அவர்களும் யாரோ ஒருவருக்கு மகன், யாரோ ஒரு தங்கைக்கு அண்ணன்.

செலவு யார் கொடுப்பது என்றார்கள். பொன்விழா நிதியிலிருந்து எடுக்கலாம். விருந்தாளி தன் பங்கைத் தர விரும்பினால் அதை வேண்டாம் என்று தடுக்கவும் வேண்டாம். உழைத்துச் சம்பாதிப்பவர்களை இலவசம் என்று கூவி அழைப்பது மரியாதை ஆகாது.

முஸ்லிம் அல்லாத அறைத் தோழரை அவர் கூட்டி வந்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டார். ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் பொங்கிச் சாப்பிடுபவர்கள் அவர்கள். தொழும் நேரத்தில் அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் சஹனில் உட்காருவார். ஊரில் நாம் அப்படித்தானே வாழ்ந்தோம்?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். அன்று அந்தத் தம்பிகளிடம் யாரும் வேலை வாங்கக் கூடாது. "தம்பி, இந்தச் சட்டியைக் கொஞ்சம் பிடி" என்று பழக்கத்தில் வாய் வந்துவிடும். வாரம் ஆறு நாள் தூக்குகிறார்கள். அன்று சட்டி தூக்கப் போவது நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கும் அது ஒரு பாடமாக இருக்கட்டும். தங்கள் அப்பாவின் அப்பா எப்படி இந்த ஊரில் நின்றார் என்பதை நாம் சொல்லிக் கேட்பதைவிட, ஒரு சஹனில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசிப் பார்த்தால் அவர்களுக்கு விளங்கும்.

விண்ணப்பத் தாளையும் மாற்றிவிட்டோம். "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்ற கட்டம் இனி இல்லை. "உங்களுடன் எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று ஒரு வரி, "ஒரு விருந்தாளியைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கீழே இன்னொரு வரி. அவ்வளவுதான்.

மேசை தூக்க வந்த அந்தத் தம்பியைத் தேடினோம். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதன் பின் பல ஞாயிற்றுக்கிழமைகள் அதே இடத்தில் நின்று பார்த்தோம், காணவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போயிருக்கலாம். வேறு வட்டாரத்தில் வேலைக்குப் போயிருக்கலாம். எங்கிருந்தாலும் அல்லாஹ் அவருக்கும் அந்த நால்வருக்கும் நலத்தைத் தரட்டும். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அதே டன்லப் ஸ்திரீட்டில் மறுபடி மேசை போடுகிறோம். முதல் பதினொரு இருக்கைகளை அவர் வரிசையில் நிற்பவர்களுக்கு எடுத்து வைக்க இந்தச் சபையின் சம்மதத்தைக் கேட்கிறோம். கை தூக்கிச் சொல்லுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ். ஜஸாக்கல்லாஹு ஹைரன்.

நம் சங்கத்தை நிறுவி, இன்று மண்ணுக்குள் உறங்கும் முன்னோடிகளின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர்களுக்கு மேலான சுவனபதியை அருள்வானாக. நம் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து உட்காரும் மனம் உள்ளவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

அன்று காலை 8.30 என்றால் 8.30தான். ஒன்பதேகாலுக்கு வந்து, பேருந்து எங்கே என்று தொலைபேசியில் கேட்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.

வஸ்ஸலாம்.